உடைந்த ஊசியின் மீதி

வண்டியில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் காலர் தைக்கிற பெண் வந்து முதலாளியம்மா முன்னால் நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மூடியிருந்த கையை மெல்லத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் தையல் மெஷின் ஊசி ஒன்று, முனையில்லாமல் கிடந்தது.

"காலைலயே உடைஞ்சிருச்சுக்கா. முனைய எவ்வளவோ தேடினேன், கெடைக்கல. திட்டுவீங்களோன்னு வேற ஊசி மாட்டித் தச்சிட்டேன். இப்ப மனசு கேக்கல."

முதலாளியம்மா வண்டியிலிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் கைக்குழந்தைகள் போடுகிற கவுன்கள். அவளும் அவளுடைய அண்ணியும் சேர்ந்து ஆரம்பித்த தையல்கூடம் இது. இவ்வளவு காலம் அக்கம்பக்கத்துச் சின்னக் கடைகளுக்குத் தைத்துக் கொடுத்து ஏதோ வண்டி ஓடியது. இப்போதுதான் ஒரு பெரிய துணிக்கடை நம்பி வேலை கொடுத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சரக்கு அங்கே இருக்க வேண்டும். இதற்காக அவள் நின்றபடியே சாப்பிட்டாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். ரத்த அழுத்தம் எகிறிக்கிடக்கிறது, ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொன்னதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை.

பெட்டிகளுக்கு ஒட்டு நாடா ஒட்டி முடித்து நின்ற அண்ணியின் காதிலும் விழுந்துவிட்டது. அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தரையில எங்கயாவது தெறிச்சிருக்கும். பெருக்கித் தள்ளியிருப்பாங்க. நீ வண்டிய அனுப்பு."

"துணிக்குள்ள இருந்தா அண்ணி?"

"இருந்தா இருந்தான்னு பாத்தா ஊர்ல ஒருத்தரும் தொழில் பண்ண முடியாது. நான் பாத்துட்டிருந்த வேலைய விட்டுட்டு உன்ன நம்பி வந்தவ. உங்கண்ணன் தெனமும் என்னக் குத்திக் காட்றது உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் 'போகட்டும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தைக்கு எங்கே குத்துகிறது என்று சொல்லக்கூடத் தெரியாத வயசு, அழத்தான் தெரியும் என்று நினைத்ததும் கால்கள் தாமாக வாசலுக்கு நடந்தன.

"அண்ணே, பெட்டியெல்லாம் எறக்குங்க."

வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கிப்போட்டார். "எனக்கு வேற லோடு இருக்கும்மா. காத்திருக்க முடியாது" என்று கிளம்பியும் போய்விட்டார். அண்ணி நாடாச் சுருளை மேஜைமேல் எறிந்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளியம்மா துணிக்கடை மேனேஜரைப் போனில் கூப்பிட்டாள். ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் உண்மையே வந்துவிட்டது.

"குழந்தைத் துணியிலயா?" என்றார் அவர். பிறகு, "தேடிட்டுக் கூப்பிடுங்க. நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்று வைத்துவிட்டார்.

பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினார்கள். கீழே சிந்தும் குண்டூசி பொறுக்குவதற்கென்று வைத்திருந்த காந்தத்தை ஒவ்வொரு கவுன்மேலும் ஓட்டினார்கள். அழகாக மடித்து அடுக்கியதெல்லாம் மலைபோல் கலைந்துகொண்டே வந்தது. காலர் தைக்கிறவள் விசும்பிக்கொண்டே தேடினாள். "அழுதுட்டே தேடினா கண்ணு தெரியாதுடி" என்று யாரோ சொல்ல, ஒருத்தி சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை.

அண்ணி எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. காந்தம் ஓட்டி ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு கவுனை வெடுக்கென்று இழுத்து, யாரையோ நெரிப்பதைப் போல அதன் காலரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"ஸ்ஸ்..."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வெள்ளைக் காலரில் சிவப்பாக ஒரு புள்ளி படர்ந்தது. தையலைப் பிரித்து முனையை எடுத்தாள் அண்ணி. எள்ளளவுதான் இருந்தது. காலர் தைக்கிறவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

முதலாளியம்மா காலர் தைக்கிறவளிடமிருந்து உடைந்த ஊசியை வாங்கினாள். அதை அவளும் முனையை அண்ணியுமாகப் பிடித்து, பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அளந்து பார்த்தார்கள். முழு ஊசியின் நீளத்துக்கு வைத்தால் இரண்டும் சேரவில்லை. நடுவே ஒரு துணுக்கு குறைந்து, நூலிழை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி ரத்தம் கசிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறுகையால் அடுத்த கவுனை இழுத்தாள்.