குமாரதாஸின் தொண்டை

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து இருந்தன. இதுவரை எத்தனை மேடைகளில் தோன்றியுள்ளீர்கள் என்பது ஒன்று. இதுவரை எத்தனை மேடைகளில் பாடியுள்ளீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பூஜ்யம் என்றும் இரண்டாவதற்கு நூற்று எண்பது என்றும் எழுதச் சொன்னாள் டெல்சி.

கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்த மகள் லீமா நிமிர்ந்தாள்.

"அம்மா, இத பாத்தா நமக்கு கிறுக்குன்னு நெனப்பாவ."

"நெனச்சா நெனக்கட்டு. உள்ளத எழுது."

"ஒனக்கு அம்பத்தஞ்சு வயசு. இது வளர்ந்து வாற கலைஞருக்க விருதாக்கும்."

"வயசு கேட்டிருக்கா?"

லீமா படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. கத்தாரில் வேலை பார்க்கும் யூஜின், இறந்துபோன தன் அப்பா குமாரதாஸின் நினைவாக இசைநாடக விருது ஒன்று தொடங்க நினைத்து, அதன் விவரத்தை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தான். கருங்கலில் ஒலி, ஒளி அமைப்புக் கடை வைத்திருக்கும் பெனின் விருதுக் குழுவின் செயலாளர். அவர் அதை முதலில் 'வளரும் கலைஞர்' என்று தமிழாக்கினார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சத்துமாவு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ஒரு உறுப்பினர் சொல்ல, 'வளர்ந்து வரும் கலைஞர்' என்று மாற்ற இரண்டு கூட்டங்கள் ஆயின. மூன்றாவது கூட்டம் பொன்னாடையின் நிறத்துக்குப் போயிற்று. வயது வரம்பைப் பற்றிப் பேச நான்காவது கூட்டம் கூடவே இல்லை.

மறுநாள் பெனினே கூப்பிட்டார்.

"அக்கா, தோன்றினது பூஜ்யம், பாடினது நூத்தியெண்பதுன்னு போட்டிருக்கியளே. இது என்ன கணக்கு?"

"ரெண்டும் சரிதான் மக்கா."

"ஓ, கோயில்ல கொயர் பாடினதா? செரி, செரி. போட்டும்."

டெல்சி மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

குமாரதாஸ் திருவிழா நாடகங்களில் ராணி வேடம் கட்டியவர். அப்போதெல்லாம் அந்தக் கடற்கரைப் பங்கில் பெண்கள் மேடையேறக் கூடாது. குமாரதாஸுக்கு ராணியின் முகமும் இடுப்பும் நடையும் இருந்தன. குரல் மட்டும் வள்ளம் தள்ள ஆள் கூப்பிடுகிற குரல். ஆகவே கோயில் பாடகர் குழுவில் இருந்த பதினேழு வயது டெல்சியைப் பின்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ராணி உதட்டை அசைப்பாள். டெல்சி பாடுவாள். பன்னிரண்டு வருடம் இப்படி நடந்தது. வசனத்தில் கரகரக்கும் தொண்டை பாட்டு வந்ததும் எப்படித் தேனாகிறது என்று ஊர் அதிசயப்பட்டது. ஒரு பங்குத்தந்தை மறையுரையிலேயே இதைக் குறிப்பிட்டு, ஆண்டவர் கொடுத்த கொடை என்றார். ஆண்டவர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

நாடகக் குழுவில் ஏழெட்டுப் பேருக்கு உண்மை தெரியும். எல்லாரும் மாதா படத்தின் மேல் கைவைத்து, வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது கல்லறைத் தோட்டத்தில், சிலர் பிள்ளைகளோடு வெளிநாட்டில். ஊரில் மிச்சம் இருப்பது டெல்சியும் அந்த மாதா படமும்தான். லீமாவிடம்கூடப் போன வருடம்தான் சொன்னாள். அதுவும் தையலுக்கு வந்த பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ விருதுக்குப் பேரு மாத்தச் சொல்லணும்" என்றாள் லீமா, பெனின் கைப்பேசியை வைத்ததும்.

"அவனுக்க பேரு எனக்கு என்னத்துக்கு? அவன் நல்லாத்தான் ஆடினான். நான் பாடும்போ எனக்க மொகத்த நாலு பேரு பாக்கணும். அம்புடுதான்."

முதல் பரிசு பெறுகிறவர் விழா மேடையில் பாடலாம் என்று படிவத்தின் கீழே போட்டிருந்தது. டெல்சி அந்த ஒரு வரிக்காகத்தான் விண்ணப்பித்தாள்.

பல ஊர்க் கோயில் பங்குகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொரு பங்கும் மற்ற பங்கைச் சந்தேகப்பட்டதால், நடுவர்களுக்குப் பெயரைச் சொல்லாமல் எண்ணோடு பாட்டை மட்டும் அனுப்பினார்கள். டெல்சி பதினான்காம் எண். குமாரதாஸின் புகழ்பெற்ற ராணிப் புலம்பலையே பாடியிருந்தாள், வேறு பாட்டை அவள் அவ்வளவு பாடியதில்லை. மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வாட்ஸப்பில் வந்தது. லீமா உரக்கப் படித்தாள்.

"எண் பதினான்கு. குரல்வளம் உண்டு. ஆனால் மறைந்த கலைஞர் குமாரதாஸ் அவர்களை அப்படியே நகல் எடுக்கிறார். மூன்றாம் சரணத்தில் மூச்சு வாங்கும் இடம்கூட அவருடையது. சொந்தக் குரலைக் கண்டடைந்தால் எதிர்காலம் உண்டு. ஊக்கப் பரிசு."

படித்து முடித்தவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெல்சி சிரிக்கவில்லை. அந்த நாளில் மூன்றாம் சரணத்தில் அவள் மூச்சு வாங்கப் பழகியது ஜெனரேட்டர் புகையால். அதைப் பின்திரைக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிறுத்துவார்கள். அந்தப் புகையை நடுவர்கள் ஒரு பாணி என்று எழுதியிருக்கிறார்கள்.

மூன்று நாள் அவள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. தையல் இயந்திரம் மட்டும் ஓடியது. கோபம் என்று லீமா நினைத்தாள். டெல்சிக்கே அது என்னவென்று தெரியவில்லை. தன் தொண்டை எப்போது தன்னுடையதாக இல்லாமல் போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முதல் மேடையிலா, நூறாவதிலா? திரைக்கு முன்னால் கைதட்டல் எழுந்தபோதெல்லாம் அவளும் முக்காலியில் இருந்தபடி மெதுவாகக் கைதட்டியிருக்கிறாள். யாருக்காகத் தட்டினாள் என்று அப்போது கேட்டுக்கொண்டதில்லை. நான்காம் நாள், விழாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று மகளிடம் கேட்டாள்.

கடற்கரை மைதானத்தில் விழா நாலு மணிக்கு என்று அச்சடித்திருந்தார்கள். ஐந்தரைக்குத் தொடங்கியது. மேடையின் பின்பக்கம் முழுக்கப் பெனினின் எல்.இ.டி. திரை. அதில் ராணி வேடத்தில் குமாரதாஸ் பத்தடி உயரத்துக்குச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி ஞானம் டெல்சியின் விலாவில் இடித்தாள்.

"ஏட்டி, இந்த வயசுல வளருதியா?"

"ஊக்கம் குடுத்தா வளரலாம்னு சொல்லியிருக்காவ."

பதினோரு பேர் பேசினார்கள். பதினோரு பேரும் குமாரதாஸின் தொண்டையைப் பற்றியே பேசினார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், அத்தகைய தொண்டையை உயிரோடு இருக்கும்போதே பரிசோதித்துக் குறிப்பெடுக்காமல் விட்டது மருத்துவ உலகுக்கு இழப்பு என்றார். டெல்சிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. ஞானம் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் பரிசு லிஜினுக்கு. கட்டுமஸ்தான பையன். பதிவுசெய்த இசைக்கு ஆடிக்கொண்டே பாடினான். ஆட்டத்தில் மூச்சு முட்டியபோது பதிவிலிருந்த அவன் குரல் மீதியைப் பாடிக்கொண்டது. நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. அடுத்து ஊக்கப் பரிசு. பொன்னாடை, ஒரு கேடயம், படம் எடுக்க ஒரு நிமிடம், இறங்கும் வழி.

டெல்சியின் கையில் கேடயத்தைக் கொடுத்த யூஜின் அவளை விடவில்லை.

"மாமி, ஒங்க பாட்டு கேட்டேன். தோஹாவுல படுக்கப் போகும்போ அப்பாக்க கேசட்டத்தான் போடுவேன். கண்ண மூடிட்டுக் கேட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல்ல. ஒரு தடவ பாடுவியளா?"

அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. டெல்சி எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாதா படம் நினைவுக்கு வந்ததா, அந்தக் கண்களைப் பார்த்துத்தான் நிறுத்தினாளா, அவளுக்கே தெரியாது.

"பாடுதேன் மக்கா."

பெனின் நிகழ்ச்சிநிரலை விசிறிக்கொண்டு ஓடிவந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"யூஜின், ஒரு ஐடியா. அப்பா ஆடின வீடியோ திரையில ஓடட்டு. அக்கா பின்னால நிண்ணு பாடட்டு. அப்பாவே வந்து பாடின மாதிரி இருக்கும். அக்கா, திரைக்குப் பொறத்த ஒரு ஸ்டூல் போட்டுத் தாறேன். சௌகரியமா இருந்து பாடுங்கோ."

டெல்சி திரும்பி அவரைப் பார்த்தாள். பெனின் அப்போது பிறந்தே இருக்கமாட்டார். ஆனாலும் ஸ்டூல்வரை சரியாகச் சொல்கிறார்.

"இஞ்ச முன்னால நிண்ணு பாடுதேன். இல்லேன்னா கேடயத்த எடுத்துட்டுப் போறேன்."

"அக்கா, திரையில அப்பா தெரியும்போ நடுவுல ஒங்க தலை மறைக்கும்லா."

"மறைக்கட்டு."

யூஜின் மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய் முன்வரிசையில் உட்கார்ந்தான். பெனின் வீடியோவைப் போடச் சொன்னார். டெல்சியின் தலைக்கு மேல் ராணி கையைத் தூக்கினாள். டெல்சி பாடத் தொடங்கினாள்.

"அலையே, என் அரசன் போன திசை சொல்லாயோ..."

முதல் வரி முடியுமுன் மைதானம் அடங்கியது. விலகிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வயதானவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் கண்களை மூடினார்கள். கோயிலில் பக்தியான பாட்டு வந்தால் மூடுவதுபோல, வரிசை வரிசையாக. மருத்துவர் மூடினார். பதினோரு பேச்சாளர்களும் மூடினார்கள். ஞானம் மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "அப்படியே குமாரதாஸ்" என்று யாரோ முணுமுணுத்தது மைக்கைத் தாண்டிக் கேட்டது. யூஜின் முதலிலேயே மூடியிருந்தான், கன்னத்தில் கண்ணீர்.

டெல்சி இரண்டாம் சரணத்தின் நடுவில் இருந்தாள். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு திரைக்கு முன்னால் வந்திருக்கிறாள். எதிரே எழுநூறு பேர், எழுநூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு.

அவள் ஒரு வார்த்தையின் பாதியில் நிறுத்தினாள்.

முதலில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நிறுத்தமும் பாட்டின் பகுதி என்று தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆட்டம் நின்றது. பெனின் குனிந்து வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கடல் இரைவது கேட்டது. லீமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். டெல்சி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை.

ஞானம் ஒரு கண்ணைத் திறந்தாள். மருத்துவர் இரண்டையும் திறந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக, பின்பு வரிசை வரிசையாக, என்ன ஆயிற்று என்று எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. நீலச் சேலை, கழுத்தில் பொன்னாடை, வியர்த்த முகம், மூடிய வாய். அவளுக்கு மேலே திரையில் ராணி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக யூஜின் கண்ணைத் திறந்தான். திரையைப் பார்த்தான். டெல்சியைப் பார்த்தான். மறுபடியும் திரைக்குப் போன அவன் பார்வை, அசைகிற உதட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி அவளிடம் வந்தது. இந்தமுறை அங்கேயே தங்கியது.

டெல்சி வாயைத் திறந்து, வார்த்தையின் மீதிப் பாதியைப் பாடினாள்.