முதுகில் இல்லாத காற்று

எங்கள் ஜாவாவில் உடம்புக்கு எது வந்தாலும் காற்றின் மேல்தான் பழி. தலைவலியா, காற்று புகுந்துவிட்டது. சோறு இறங்கவில்லையா, அதுவும் காற்று. எண்ணெய் தடவி நாணயத்தின் விளிம்பால் முதுகைச் சுரண்டினால் சிவப்புக் கோடுகள் எழும்பும், காற்று வெளியேறிவிடும். என் புருஷன் வாகிமான் படுக்கையைவிட்டு எழாமல் போனபோது நானும் நாணயத்தைத்தான் தேடினேன்.

மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையை அவர் திறப்பதே இல்லை. குளிக்கவும் நான் விரட்ட வேண்டும். போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய மணிப்புறாவை, பெற்ற பிள்ளையாக வளர்த்ததை, கூண்டோடு தூக்கிப் பக்கத்து வீட்டு சர்ஜியெம் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மகராசிக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தினி, உன் வீட்டுக்காரர் என்னமா பக்குவப்பட்டுட்டாரு! கோபமில்ல, ஆசையில்ல. நீதான் இன்னும் கத்திக்கிட்டே கெடக்கே."

எங்கள் ஆட்களுக்கு வாய் திறக்காதவன்தான் பெரிய மனிதன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை அவரைக் குப்புறப் படுக்கவைத்துச் சுரண்டினேன். ஆத்திரமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. தோல் வழன்று ரத்தம் கசிந்தது. நாணயம் பட்டதுமே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், முனகக்கூட இல்லை.

"வலிக்கலையா?"

"தெரியல."

நாணயத்தைக் கீழே வைத்துவிட்டேன். இது காற்று இல்லை. என் புருஷன் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.

சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகருக்கென்று ஓர் அறை உண்டு. மறுநாள் காலை அவரை வண்டியின் பின்னால் ஏற்றினேன். சர்ஜியெம் ஓடிவந்தாள்.

"அங்கேயா? ஊர் என்னடி பேசும்?"

"ஊரா வந்து இவருக்குச் சோறு ஊட்டுது? நீ போய்ப் புறாவுக்குத் தீனி போடுக்கா!"

ஆலோசகர் ரத்ரி கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். தூக்கம், பசி எல்லாம் விசாரித்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்: "ஐயா, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

நான் எகிறிவிட்டேன். "என்னம்மா பேச்சு இது! இல்லாததைக் கெளப்பாதே!"

"கேக்குறதால அந்த நெனப்பு புதுசா வராதும்மா. கேக்கலேன்னா அவரு தனியா சுமக்கணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோணுது. தினமும். அதான் புறாவைக் குடுத்தேன். நான் இல்லேன்னா அதுக்கு ஒரு வீடு வேணும்ல."

அடப்பாவி மனுஷா! பக்குவம் என்று ஊரே மெச்சியது இதைத்தானா? அங்கேயே ஓவென்று அழுதேன்.

"இது மனச்சோர்வும்மா. சோம்பலும் இல்ல, பக்திக் குறைவும் இல்ல. இது நோய், வைத்தியம் இருக்கு," என்றாள் ரத்ரி. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பினாள். அவரைத் தனியாக விடக் கூடாது என்றாள். நான் விடவில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்தார். வாராவாரம் ரத்ரியிடம் பேசப் போக வேண்டும். அவருக்குச் சலித்துவிட்டது.

"ஒண்ணும் ஆகல, பார்த்தினி. விட்டுடலாம்."

"மருந்து பிடிக்க நாளாகும்னு சொன்னாங்கல்ல?"

"என்னால வர முடியாது."

"நீங்க வர வேணாம். வண்டியில உக்காருங்க போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தார். ஒவ்வொரு வாரமும் அதே சண்டை, ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்தார். கடைக் கதவு பாதி திறந்தது. பிறகு ஒருநாள் என் சமையலில் உப்பில்லை என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மழைக்காலத்தில் கடையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். "காத்து புகுந்துடுச்சு. கொஞ்சம் சுரண்டி விடேன்." பயந்து பயந்துதான் நாணயத்தை வைத்தேன்.

"ஐயோ! அடியேய், அது முதுகா, தேங்கா மூடியா? தோலை உரிச்சிடுவே போலிருக்கே!"

வேலிக்கு அப்பால் சர்ஜியெமின் தலை எட்டிப் பார்த்தது. "என்னடி, மறுபடியும் கத்த ஆரம்பிச்சிட்டாரா?"

"ஆமாக்கா, நல்லாக் கேட்டுக்கோ!" கண்ணீரில் எனக்கு அவர் முதுகே தெரியவில்லை.

அவர் தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அக்கா, மழை விட்டதும் வரேன். என் புறா எனக்கு வேணும்."