மருந்து அறை

நான் மனு எழுதிப் பிழைத்தவன். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு எதிரே, சைக்கிள் கடைச் சுவரோரமாக ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு மைக்கூடு. என் ராஜ்யம் அவ்வளவுதான். எந்த ஊர் யூனியன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் மேல் உள்ள கோபத்தைவிட என் மேல் உள்ள கோபம்தான் எனக்குப் பெரிது.

எனக்குப் பூர்வீகம் விருதுநகர். மிளகாய் மண்டியில் கணக்கெழுதிவிட்டு, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு சிவகாசிப் பக்கம் வந்து சேர்ந்தவன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். சின்ன வீடுகளுக்கு நானே ஸ்கேல் வைத்து பிளானும் வரைந்துவிடுவேன். 'ரத்தினசாமி எழுதினால் மனு திரும்பி வராது' என்று நாலு பேர் சொல்லப்போக, அது எனக்குத் தலைக்கேறிக் கிடந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாசம் சங்கிலிமுத்து வந்தான். எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு சின்ன ஊர்க்காரன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியத் தூள் பளபளவென்று நிற்கும். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அய்யா, வீடு கட்டணும். பிளான் பாஸ் வாங்கித் தாங்க."

"உங்க ஊர்ல எவன்டா பிளான் பாஸ் வாங்கிக் கட்டினான்?"

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிட்டேன்யா. பஞ்சாயத்துப் பிரசரெண்டு வந்து நிப்பாட்டிட்டாரு. புதுச் சட்டமாம். காயிதம் இல்லாம கல்லு வைக்கப்படாதாம்."

சட்டம் புதிதுதான். அதுவரை ஊர்ப் பெரியவரின் வாய்வார்த்தை போதுமாக இருந்தது. பஞ்சாயத்து யூனியன்கள் வந்தபிறகு எல்லாவற்றுக்கும் படிவம், நகல், முத்திரை. அந்த ஊர்ப் பிரசிடெண்ட் பெத்தணன் அதே மாசத்தில் இருபது மாடு கட்டும்படி ஒரு கொட்டகை போட்டார். அதற்கு எந்தக் காயிதமும் கிடையாது. மாடுகளுக்குச் சட்டம் செல்லாது போலிருக்கிறது.

சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னான். அவன் மனைவி மாடத்திக்குக் காசம். அவர்கள் இருந்த ஓலைக் குடிசையில் ஜன்னல் கிடையாது. பொங்குவதும் படுப்பதும் ஒரே இடத்தில். ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, காற்றும் வெயிலும் வருகிற தனி அறை வேண்டும், அதில் படுக்கவைத்தால்தான் தேறுவாள், அப்போதுதான் பிள்ளையையும் அதே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளை முருகம்மாளுக்கு நாலு வயசு. ஊர்க்காவலன் என்று பேர் கொண்ட அவன் அண்ணன் வீட்டில், மதினியிடம் விட்டிருந்தான். மதினியிடமும் ஊரிடமும் மாடத்திக்கு ஈளை, வெறும் இழுப்புதான் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பிளான் வரைந்தேன். ஒரு அடுப்படி, ஒரு படுக்கை அறை, கிழக்கு மூலையில் ஒரு சின்ன அறை. எல்லா அறைக்கும் உள்ளே பெயர் எழுதவேண்டும் என்பது விதி. சின்ன அறையில் 'நோயாளி அறை' என்று எழுதப்போனேன். அவன் என் கையைப் பிடிக்கவே வந்துவிட்டான்.

"அதப் போடாதீக அய்யா. ஆபீசுல படிச்சாகன்னா பொழுது சாயிறதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சிரும். கொத்தன் வரமாட்டான். மதினி பிள்ளைய வச்சிருக்க மாட்டா."

எனக்குப் புத்தி வேலை செய்தது. நோயாளி என்று எழுதினால்தானே வியாதி தெரியும்? 'மருந்து அறை' என்று எழுதினேன். மருந்து மாத்திரை வைக்கிற அறை. பொய்யும் இல்லை, வியாதியும் வெளியே வரவில்லை. அவனுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குய்யா" என்றான். மேலே 'மனுதாரர் தொழில்: பட்டாசுக் கம்பெனி மருந்து வேலை' என்று எழுதியவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம்கூட இல்லை. எழுதி முடித்துவிட்டு, பலே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

திங்கள்கிழமைதோறும் கம்பெனிக்குப் போகுமுன் அவன் ஆபீசுக்கு வருவான். "மேல போயிருக்கு" என்பார்கள். என்னிடம் வந்து, "மேல போயிருக்காம்யா" என்பான், ஏதோ நல்ல சேதி மாதிரி. செங்கல் வந்து இறங்கிவிட்டது. ஓடு வந்துவிட்டது. சுண்ணாம்பு குழியில் ஊறிக் கிடந்தது. மாடத்தி குடிசைக்குள் கிடந்தாள்.

ஒரு வருஷம் முழுசாகப் போனபிறகு மனு திரும்பி வந்தது. அடிக்கணக்கு செல்லாதாம், இனி மீட்டர் கணக்கில் வரையவேண்டுமாம். பத்தடியை மூன்று மீட்டர் சொச்சம் ஆக்கினால் காற்று கூடுதலாக வந்துவிடுமா? திட்டிக்கொண்டே உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். மூலையறையில் மறுபடியும் 'மருந்து அறை' என்று எழுதினேன், முன்னைவிட அழகாக.

அறுபத்திரண்டு ஆடி பிறந்தும் பதில் இல்லை. ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நேரே உள்ளே போய், கட்டட மனுக்களைப் பார்க்கிற குமாஸ்தா கருப்பணன் முன்னால் நின்றேன்.

"ஏன்யா, ஒரு குச்சு வீடு கட்ட ஒன்றரை வருஷமா?"

கருப்பணன் தன்னிடம் இருந்த நகலை எடுத்து என் பக்கம் திருப்பினார். என் அழகான கையெழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். ஓரத்தில் 'வெடிமருந்து – மேலிட அனுமதி தேவை' என்ற குறிப்பு.

"உம்ம ஆளு மருந்து வேலை பாக்கான். குடியிருக்கிற வீட்டுக்குள்ள மருந்து ரூமு கேக்கான். நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமோ?"

"அது திங்கிற மருந்துய்யா!" என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

விருதுநகரில் மருந்து என்றால் மருந்துக்கடை. இந்த மண்ணில் மருந்து என்றால் வேறு. இங்கேயே பல வருஷம் குந்தியிருந்து, மருந்து வேலைக்காரர்களுக்கே மனு எழுதிப் பிழைத்த எனக்கு இது தெரியாமல் போயிற்று என்று எந்த வாயால் சொல்ல?

கருப்பணன் கெட்டவர் இல்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்ல வச்சு மருந்து இடிச்சுத்தான் என் கூடப்பிறந்தவன் போனான். ரெண்டு வீட்டுக் கூரை எங்கன விழுந்துச்சுன்னே தெரியல. அந்த வார்த்தையப் பாத்தா என் கை தன்னால நின்னுருது ஓய்."

"அடிச்சிட்டு வேற பேர் போட்டுத் தாறேன்."

"ஃபைலு மேல போயிருச்சு. இனி இங்கன யாரும் ஒரு எழுத்துக்கூடத் திருத்த முடியாது. புது மனுவும் ஆகாது, ஒரு மனைக்கு ரெண்டு மனு நிக்காது. திங்கிற மருந்துன்னா யாருக்கு, என்ன சீக்குன்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கிட்டு வாரும். சேத்து அனுப்புறேன்."

அன்றைக்கே அவர்கள் ஊருக்கு சைக்கிளை மிதித்தேன். குடிசை வாசலில் செங்கல் அடுக்கியபடியே இருந்தது. நடுவில் ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். சங்கிலிமுத்து கோபப்படுவான், நாலு வார்த்தை திட்டுவான், எனக்கும் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவன் திட்டவில்லை.

"சீக்கு பேர எழுத வேண்டாம்யா. பிள்ளைக்குப் போக்கிடம் இல்லாமப் போயிரும்" என்றான்.

"எழுதாட்டி வீடு இல்லைடா."

உள்ளே இருந்து மாடத்தி பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "அய்யா, அந்த ரூமுக்கு ஜன்னலு எந்தப் பக்கம் போட்டிருக்கீக?"

"கிழக்க ஒண்ணு, தெக்க ஒண்ணும்மா."

"தெக்க போட்டா, படுத்துக்கிட்டே பாத்தா அவுக அண்ணன் வீட்டு வாசல் தெரியுமா?"

குடிசையை விட்டு வெளியே வந்து பார்த்தேன். தெற்கே, நாற்பது கெஜத்தில் ஊர்க்காவலன் வீடு. வாசலில் ஒரு சின்னப் பெண் தேங்காய்ச் சிரட்டையில் மண் அள்ளிக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லாத் தெரியும்மா" என்றேன்.

"அப்ப எழுதுங்க. காசம்னே எழுதுங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். கருப்பணன் அன்றைக்கே மேலே அனுப்பினார். ஆனால் ஆபீஸ் என்பது ஆபீஸ்தானே. நாலாம் நாள் பிரசிடெண்ட் பெத்தணனுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மதினி யாரிடமும் சண்டை போடவில்லை. "எம் பிள்ளைகளும் இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாளாம். தன் பிள்ளைகளோடு முருகம்மாளையும் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்துப் பக்கம் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குழந்தையை விட்டுவிட்டுப் போகாததற்கு அவளைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் தெற்கு வாசல் காலியாகிவிட்டது.

புரட்டாசியில் மேலிடத்திலிருந்து கேள்வித்தாள் வந்தது. 'உத்தேச மருந்து அறையில் எவ்வளவு மருந்து இருப்பு வைக்கப்படும்? எந்த வகை? அருகில் உள்ள குடியிருப்பு எவ்வளவு தூரம்?' டாக்டர் சீட்டை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. நான் பதில் எழுதினேன். இருப்பு, ஒரு பாட்டிலும் இருபது மாத்திரையும். வகை, இருமலுக்கு. மூன்றாம் கேள்விக்கு நாற்பது கெஜம் என்று எழுதி, மீட்டர் ஞாபகம் வந்து அடித்துத் திருத்தினேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாடத்தி செத்துப்போனாள். சீசன் முடிகிற நேரம், கம்பெனியில் கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. ஆள் போய்ச் சொல்லி சங்கிலிமுத்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல மழை. குடிசைக்குள் ஒழுகிய இடத்தை விட்டுத் தள்ளி, மூலையில் ஒதுங்கிப் படுத்த வாக்கிலேயே இருந்தாள். சாவுக்கு ஊர்க்காவலனும் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான். பிள்ளையைக் கூட்டி வரவில்லை.

அறுபத்திமூன்று தையில் உத்தரவு வந்தது. கருப்பணன் அதை ஆள் மூலம் கொடுத்தனுப்பாமல், தானே தெருவைத் தாண்டி வந்து என் மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

திங்கள்கிழமை சங்கிலிமுத்து வந்தான். அவள் போனபிறகும் திங்கள்கிழமைகளில் வருவதை அவன் நிறுத்தவில்லை. ஏன் வருகிறாய் என்று நானும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாஸ் ஆயிருச்சுப்பா" என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"படிங்கய்யா."

"நாலு நிபந்தனை போட்டிருக்கான். ஒண்ணு, ஒரு வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும். ரெண்டு, பாதையில கல்லு மண்ணு போடப்படாது. மூணு, பிளான்ல உள்ளபடியே கட்டணும். அவ்வளவுதான். கீழ ஒப்புக்கொண்டதா ரேகை வை."

அவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாலுன்னு சொன்னீக. மூணுதானய்யா வந்துச்சு?"

படிக்கத் தெரியாதவன் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டினேன். வேறு வழி இல்லை, படித்தேன்.

"நாலாவது நிபந்தனை. மேற்படி வீட்டில் எக்காலத்திலும், எந்த அளவிலும், மருந்து வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்வதில்லை என்று மனுதாரர் எழுதிக் கொடுக்கவேண்டும்."

சைக்கிள் கடைக்காரன் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். சங்கிலிமுத்து சட்டைப் பையைத் தடவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். மாடத்தியின் மாத்திரைகள். பதினொன்று மீதி இருந்தது.

"இதையும் அவுககிட்டயே குடுத்துருங்க. வீட்ல வைக்கலன்னு எழுதிக்கிடுங்கய்யா" என்றான். "திங்கிறதுக்கு ஆளு இல்லையே."

எழுதினேன். இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அவன் அழுத்தி வைத்தான்.