கையெழுத்து நாளன்று லாஹிரி பாபு தூங்கினார்

"சுகேன், உன்னை விட்டா எனக்கு நம்பிக்கையான ஆள் யாருடா இருக்கான்?" என்று எங்கள் கிளப் நிர்வாகி பபதோஷ் லாஹிரி என் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. இந்த ஆளை எப்படிக் கவிழ்ப்பது என்று எட்டு வருஷமாக யோசித்துத் தலைமயிர் கொட்டிப்போனவன் நான். அவரே வழியைத் தேடிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து கோன்னகர் வரைக்கும் காரில் வந்து நிற்கிறார்!

அவர் கூட்டிவந்திருந்தது சுக்லால் ஹெம்ப்ரம் என்ற சந்தாலிப் பையனை. ஜார்கிராம் பக்கத்துக்காரன், இருபத்தொரு வயது, போன வருஷம் நகர லீக்கில் பதினெட்டு கோல். இரண்டு காலாலும் ஒரே மாதிரி அடிப்பான். எங்கள் உதயன் கிளப்புக்கும் அவன் வேண்டும், பிரபாத் ஸ்போர்ட்டிங்குக்கும் அவன் வேண்டும். ஜூலை மாதம் வந்தால் கல்கத்தாவில் ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவார்கள். ஆட்டக்காரன் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய், குமாஸ்தா கண்முன்னால் பேரேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பேரேடு மூடிவிடும். அதற்குள் போடாதவன் அந்த வருஷம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் அடுத்த கிளப்காரன் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி நல்ல ஆட்டக்காரனை யார் வீட்டிலாவது ஒளித்து வைப்பார்கள். அவன் வீட்டு ஆட்களே அவன் எங்கே என்று பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

"மூணே நாள்," என்றார் லாஹிரி. "கடைசி நாள் மத்தியானம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். பிரபாத்காரனுங்க மோப்பம் பிடிச்சு வந்தா உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தணும், புரியுதா?"

"உயிரை என்ன பாபு, மூணு நாள் சோறே போடறேன்," என்றேன். அவர் கடகடவென்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் தேர்தல். சுக்லாலுக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர் பொதுச்செயலாளர் ஆவார். லாஹிரிக்கு அந்தப் படம் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

இந்த ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1996இல் தேசிய லீக் பிறந்தது. அதுவரைக்கும் எங்களுக்குக் கால்பந்து என்றால் நகர லீக்தான், உலகமே மைதானத்துக்குள் முடிந்துவிடும். கோவாக்காரன், பஞ்சாப்காரன், கேரளாக்காரன் எல்லோரும் ஒரே லீக்கில் ஆடப்போகிறார்கள், டிவியில் காட்டப்போகிறார்கள் என்றதும் மைதானத்துக் கிழங்கள் கேலி பண்ணினார்கள். நான் கேலி பண்ணவில்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, இடது பக்கம் தடுத்து ஆடுகிற லெஃப்ட் பேக். அந்த முதல் லீக்கில் ஆடுவதற்கு என்னை பிரபாத் கூப்பிட்டிருந்தது. அங்கே கையெழுத்துப் போடப் போகிறதற்கு முந்தின நாள் லாஹிரி வந்து, "உதயனுக்கு வாடா, முதல் ஆட்டத்துலயே நீதான்," என்று சொல்லி என்னை பாராசாத்தில் ஒரு தோட்ட வீட்டுக்குக் கூட்டிப்போனார். ரசகுல்லா என்ன, ஆட்டுக்கறி என்ன! கடைசி நாள் காலையில், "இரு, கார் வரும்," என்றார்கள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது எனக்குப் பத்து மணிக்குத்தான் தெரிந்தது. ஐந்து மணி தாண்டிய பிறகு திறந்துவிட்டார்கள். உதயனில் ஏற்கெனவே இரண்டு லெஃப்ட் பேக் இருந்தார்கள். நான் அவர்களுக்குத் தேவையே இல்லை. பிரபாத்துக்குக் கிடைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் பூட்டி வைத்தார்கள்.

முதல் தேசிய லீக்கை நான் பீடிக்கடை டிவியில் பார்த்தேன். வயிற்றுப்பாட்டுக்காக மேடும் பள்ளமுமான மைதானங்களில் கூலிக்கு ஆடினேன். நாலாவது மாதம் முழங்கால் போயிற்று. அப்புறம் லாஹிரியே, "பாவம், அடிபட்ட பையன்," என்று சொல்லிக் கிளப்பில் ஜெர்சியும் பூட்ஸும் பார்த்துக்கொள்கிற வேலையைக் கொடுத்தார். அவர் கணக்கில் நான் நன்றிக்கடன் பட்டவன். தூ!

முதலில் நான் போட்ட திட்டம் சுலபமானது. சுக்லாலை ஐந்து மணி தாண்டும்வரை வெளியே விடக் கூடாது. லாஹிரி வந்தால் பையன் ஓடிவிட்டான் என்று கையை விரிக்க வேண்டும். என் மனைவி பிஜயாவிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பையன் உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப உன் புத்தி ஏன் இப்படிப் போகுது?"

"உனக்குப் புரியாது, போ," என்றேன். அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

மூன்று நாளும் சுக்லால் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான். கடைசி நாள் காலையில் குளித்து, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் கால் தரையில் பாவாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அஞ்சு மணிக்குள்ள போயிடுவோம்ல?" என்று கேட்டான்.

நானும் இதையேதான் கேட்டேன். அந்தத் தோட்ட வீட்டில், பூட்டிய கதவைப் பார்த்து, வெளியே இருந்த காவல்காரனிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அவன் பதிலே சொல்லவில்லை. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. யாரைப் பழிவாங்கப் போய் யாரைப் பூட்டப் பார்த்தேன், மடையன்.

"போயிடுவேடா," என்றேன். "என்ன ஆனாலும் போயிடுவே." நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். ஒன்றரைக் கிலோ ஹில்சா மீன், வயிறு நிறைய முட்டை. பிஜயா விலையைக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடுகு அரைக்க உட்கார்ந்தாள். வருகிற வழியில் தொலைபேசிக் கடையிலிருந்து அலோகேஷ் பாபுவுக்கும் பேசிவிட்டேன். அவர்தான் தேர்தலில் லாஹிரியை எதிர்த்து நிற்கிறவர். மாலையோடும் படக்காரனோடும் சங்க அலுவலகத்தில் நான்கு மணிக்கு நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

லாஹிரி பன்னிரண்டரைக்கு வந்தார். உள்ளே நுழைந்ததுமே மூக்கு விடைத்தது. "சுகேன்! ஹில்சாவா?"

"பாபு வர்றீங்கன்னு சொன்னீங்களே."

"மூணு மணிக்குக் கிளம்பினாப் போதும்," என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஆள் கெட்டிக்காரர். கிளப் முத்திரையை யாரிடமும் தரமாட்டார், தோல்பையிலேயே வைத்திருப்பார். மீன் சாப்பிட்ட கை நாறும் என்று, சாப்பிடுவதற்கு முன்னாலேயே கிளப் மாறும் படிவத்தில் கிளப் சார்பில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். இனி பையன் பேரேட்டில் போட வேண்டிய கையெழுத்துதான் பாக்கி. கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்று முன்னறையில் செருகி வைத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு துண்டு ஹில்சாவை முள் முள்ளாக எடுத்துச் சாப்பிட்டார். பிஜயா கேட்காமலேயே ஐந்தாவது துண்டையும் வைத்தாள்.

கடுகு ஹில்சாவும் சோறும் உள்ளே போன பிறகு கண் சொக்காத வங்காளி இனிமேல்தான் பிறக்க வேண்டும். "அரைமணி கண்ணயர்றேன், எழுப்பிடு," என்று பின்னறைக் கட்டிலில் சாய்ந்தார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை. நான் மெல்லக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மனசு குளிர்ந்துபோயிற்று.

படிவத்தை சுக்லால் கையில் கொடுத்தேன். வெளியே லாஹிரியின் டிரைவர் காரில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். "பாபுவுக்கு வயிறு சரியில்ல, படுத்திருக்கார். பையனை சங்க அலுவலகத்துல அலோகேஷ் பாபுகிட்ட விடச் சொன்னார்," என்றேன். படிவத்தில் லாஹிரியின் கையெழுத்தைப் பார்த்ததும் அவன் வண்டியை எடுத்துவிட்டான். அவருடைய காரிலேயே அனுப்பினேன், ஆமாம்!

மூன்றேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"சுகேன், கதவு சிக்கிக்கிச்சுடா."

"சிக்கல பாபு. நான்தான் போட்டிருக்கேன்."

அப்புறம் ஆரம்பித்தாரே ஒரு கூச்சல்! என் அப்பனை, என் பாட்டனை, பிறக்காத என் பேரனை எல்லாம் வைதார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்துங்க! பூட்டி வச்சிருக்கான்!" என்று தெருவே கேட்கிற மாதிரி அலறினார். குளக்கரைப் பக்கம் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மாஸ்டர் எட்டிப்பார்த்தார்.

"என்ன சுகேன், கையெழுத்து நாளா?"

"ஆமா மாஸ்டர்."

"யாரு, சென்டர் ஃபார்வர்டா? குரல் கொஞ்சம் முத்தினதா இருக்கே!"

"கோச் ஆக வந்திருக்கார்," என்றாள் பிஜயா சட்டென்று.

கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது. போகிறபோது ஒருவன், "கவலைப்படாதீங்க தலைவரே, அஞ்சு மணிக்கு விட்டுடுவாங்க!" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். ஜூலை மாதத்தில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் கத்தினால் எங்கள் பக்கத்தில் யாரும் போலீசைக் கூப்பிடமாட்டார்கள். இந்த வழக்கத்தை வளர்த்துவிட்டவரே லாஹிரிதான்.

நாலே முக்காலுக்கு முன்னறையில் அவர் கைப்பேசி அடித்தது. நான் எடுத்தேன். மறுமுனையில் டிரைவர். பையன் கையெழுத்துப் போட்டுவிட்டானாம், அலோகேஷ் பாபு தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாராம், பாபுவுக்கு வயிறு இப்போது எப்படி இருக்கிறதாம். கதவருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் லாஹிரியிடம் சொன்னேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"நான் உனக்கு என்னடா துரோகம் பண்ணினேன்? வேலை கொடுத்தேனே!"

"தொண்ணூத்தாறு, பாராசாத், தோட்ட வீடு. முதல் தேசிய லீக்."

யோசிக்கிறார் என்று தெரிந்தது. எட்டு வருஷமாக இந்த நிமிஷத்தை எத்தனை விதமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன்! மன்னிப்புக் கேட்பார், அழுவார், இல்லை, அப்படித்தான்டா செய்தேன் என்று திமிராகச் சொல்வார். எதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"அந்த வருஷம் பாராசாத்துல ஆறேழு பேரைப் போட்டு வச்சிருந்தோமே," என்றார் லாஹிரி, நிஜமான குழப்பத்தோடு. "நீ அந்த கோல்கீப்பரா?"

பிஜயா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லெஃப்ட் பேக்," என்றேன்.

"ஓ. சரி, சரி. லெஃப்ட் பேக்." குரல் கனிந்தது. பேரம் பேசுகிறபோது அவருக்கு இந்தக் குரல் வரும். "இதைக் கேளுடா சுகேன். தேசிய லீக்கோட வரலாறைக் கிளப் சார்பா புத்தகமாப் போடறோம். எழுதறது நான்தான். முதல் வருஷம் உதயனுக்கு ஆடினவங்க பட்டியல் வருது. அதுல உன் பேரைப் போட்டுடறேன். ஒரு ஆட்டம், லெஃப்ட் பேக், பதிலி ஆட்டக்காரனா இறங்கினதா. யாரு சரிபார்க்கப் போறான்? அச்சுல வந்துட்டா அதுதான் வரலாறு. உன் பிள்ளைகுட்டி எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. கதவைத் திற."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசை வந்தது. ஒரே ஒரு வரி. முதல் தேசிய லீக், அதில் என் பெயர். பொய்தான், ஆனாலும் கை தானாகத் தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது. பிஜயா என் கையைத் தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"பட்டியல்ல முழுப் பேர்தானே வரும், பாபு?"

"பின்னே? முழுப் பேர்தான்."

"என் முழுப் பேரைச் சொல்லுங்க."

எட்டு வருஷம் தினமும், "சுகேன், பூட்ஸை எடு. சுகேன், டீ சொல்லு," என்று கூப்பிட்ட வாய் அது.

"சுகேன்..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுகேன் தாஸ்?" என்றார். பிறகு, "இரு, இரு, வந்துடும். சுகேன் பால்?"

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"அவசரமில்ல பாபு," என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஞாபகம் வந்ததும் திறக்கறேன்."