இரண்டு இடது இறக்கைகள்

என் அப்பாவும் என் வீட்டுக்காரரும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறு கிடையாது, கைகலப்பு கிடையாது. ஒரு பொம்மை விமானம் விழுந்து நொறுங்கியது, அவ்வளவுதான். பொம்மை என்று அப்பாவின் காதுபடச் சொன்னால் என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவார், அதனால் மாடல் விமானம் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்பாவுக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அப்பா தன் சின்ன லேபில் உட்கார்ந்து யார் யாருக்கோ சிரிப்பு செய்து கொடுப்பார். அவர் சிரிப்பது மட்டும் அபூர்வம். ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே இருக்கும் மைதானத்தில், விமானத்தை இயக்கும் ரேடியோவும் கையுமாக நின்று மாடல் விமானம் விடுவார். அங்கேதான் என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்க வழி செய்துவிட்டு, லீவு நாளில் தன் விமானத்தை ஏற்றி இறக்குவார். அப்பாவுக்குத்தான் முதலில் அவரைப் பிடித்தது, எனக்கு அப்புறம்தான். கல்யாணம் நிச்சயமானதும் அப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மைதானத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "இவர்தான் நம்ம மாப்பிள்ளை" என்று தோளில் கைபோட்டு அறிமுகம் செய்தார்.

அப்போது எல்லாரிடமும் பழைய ரேடியோக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பேர் ரேடியோவை ஆன் செய்தால், மேலே இருக்கும் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தலைகுப்புற விழுந்துவிடும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அதில் எண் எழுதிய கிளிப்புகளை மாட்டியிருந்தார்கள். தன் எண்ணின் கிளிப்பை எடுத்துச் சட்டையில் செருகிக்கொண்ட பிறகுதான் ஒருவர் ரேடியோவில் கை வைக்கலாம். கிளிப் இல்லையென்றால் அந்த எண்ணில் வேறு யாரோ பறக்கவிடுகிறார் என்று அர்த்தம், அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ரேடியோவுக்குள் கிரிஸ்டல் என்று ஒரு சிறு துண்டு இருக்கும். அதை மாற்றினால் எண்ணும் மாறிவிடும்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் என்னவர் ஒரு காலையில் கிரிஸ்டலை மாற்றினார். மாற்றியதை மறந்து பழைய எண்ணின் கிளிப்பையே செருகிக்கொண்டு ஆன் செய்தார். புது எண் அப்பாவுடையது. அப்பாவின் விமானம் அப்போது வானத்தில் இருந்தது. ஒரு வருஷம் முழுக்க, லேப் வேலை முடிந்து வந்து, குச்சி குச்சியாக ஒட்டிக் கட்டிய விமானம். அது ஆடியது, கவிழ்ந்தது, நேராகக் கல்தரையில் வந்து குத்தியது.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணத்தை அவர் நிறுத்தவில்லை, பேச்சைத்தான் நிறுத்தினார். கூடவே விமானம் விடுவதையும் நிறுத்தினார். மாப்பிள்ளை என்ற சொல் அன்றோடு எங்கள் வீட்டில் காணாமல் போனது. என்னிடம் பேசும்போது என்னவரை 'அவர்' என்பார், கோபம் கூடினால் 'உன் ஆள்'.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. என்னவர் நேரில் போய் நின்று, "மாமா, தப்பு என்னோடதுதான்" என்றார். அப்பா செய்தித்தாளைப் புரட்டினார். அன்றிலிருந்து என்னவரும் ஒரு மாதிரி ஆகிவிட்டார். மைதானத்தில் வேறு யாருடைய விமானமாவது மேலே இருந்தால் தன் ரேடியோவைத் தொடவே மாட்டார். எல்லாரும் இறக்கிவிட்டுக் கிளம்பிய பிறகு தனியாக நின்று தன் விமானத்தை விடுவார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அப்பா என் வீட்டுக்கு வர வேண்டும், என் புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேச வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது, ஆசைதான் அலுக்கவில்லை.

நான் வைத்திருப்பது மாடல் விமானக் கடை. இப்படி இரண்டு பேரைக் கட்டி மேய்க்கிறவள் வேறு என்ன கடை வைப்பாள். இந்த முறை வந்த சரக்கில், நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ளும் ஒரு புது கிட் இருந்தது. நீண்ட இறக்கை, மூக்கில் சின்ன மோட்டார், மேலே போனதும் மோட்டாரை அணைத்துவிட்டுக் காற்றிலேயே மிதக்கவிடலாம். கட்டைத் துண்டுகளெல்லாம் லேசரில் வெட்டப்பட்டு ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன. மேலே வைத்துக் கட்ட, போர்வை அகலத்துக்குப் படம் போட்ட ஒரு பிளான். கூடவே, இப்போது மைதானத்தில் எல்லாரும் மாறிவிட்ட புது ரக ரேடியோவும் வந்திருந்தது. இந்த ரேடியோவும் விமானமும் ஒருமுறை அறிமுகமாகிவிட்டால் போதும், பக்கத்தில் பத்து ரேடியோ கத்தினாலும் விமானம் திரும்பிப் பார்க்காது. சேனல் எண்ணும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம்.

கடை ஜன்னலில் வைக்க ஒன்றைக் கட்டித் தரணும் என்று சொல்லி, கிட்டையும் பிளானையும் இரண்டாகப் பிரித்தேன். இடது இறக்கையும் உடம்பும் என்னவருக்கு, வலது இறக்கையும் வாலும் அப்பாவுக்கு. மற்ற பாதியை வேறு ஒருவர் கட்டுகிறார் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு லேபுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் அம்மா ஃபோன் செய்தாள். மனுஷனுக்குக் கை அரிக்கிறது, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து கட்டையை மோந்து பார்க்கிறார் என்றாள். அந்த வாரக் கடைசியில் அப்பாவே கூப்பிட்டார்.

"அந்த வேறு ஒருத்தர்கிட்ட சொல்லு, பசையை அள்ளி அப்பக் கூடாதுன்னு. இறக்கை கனத்துடும். அவருக்கு எப்பவுமே கை தாராளம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று வருஷத்தில் அப்பா என்னவருக்குச் சொல்லி அனுப்பிய முதல் சேதி அது. அதற்குப் பிறகு நான் தபால்காரியானேன். இறக்கையின் முன் விளிம்பை எந்த உப்புத்தாளால் தேய்ப்பது என்று இங்கிருந்து கேள்வி போகும், அதுகூடத் தெரியாதா என்று அங்கிருந்து பதில் வரும், பின்னாலேயே சரியான பதிலும் வரும்.

கடை லீவாக இருந்த ஒரு காலையில் இரண்டு பேரும் தத்தம் இறக்கையோடு அங்கே வந்தார்கள். அப்பா தன்னுடையதைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல எடுத்து வந்திருந்தார். வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவதாக வாசலிலேயே அறிவித்தார். அவருடைய வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். எங்கும் ஒரு பொட்டுப் பசை தெரியவில்லை. என்னவர் உடம்பை மேஜையில் வைத்து, இடது பக்கம் தன் இறக்கையைச் செருகினார். அப்பா தன்னுடையதை வலது பக்கம் கொண்டுபோனார். செருகப் பார்த்தால் இறக்கையின் முதுகு கீழே இருந்தது. புரட்டினால் முன் விளிம்பு பின்னால் போனது. மறுபடி புரட்டினார். எப்படித் திருப்பினாலும் அது இடது இறக்கைதான். இரண்டு காலுக்கும் இடது செருப்பு வாங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது.

பிளான் தப்பு, கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு அச்சடித்திருக்கிறான் என்றார் அப்பா. அவர் பையிலிருந்த பிளானை விரித்தேன். காகிதம் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பழைய கிட்டுகளில் இடது இறக்கையின் படம் மட்டும்தான் இருக்கும். வலதுக்கு, காகிதத்தில் எண்ணெய் தடவித் திருப்பிப் போட வேண்டும். மறுபக்கம் கோடுகள் தெரியும், அதன் மேல் வைத்துக் கட்டுவார்கள். அப்பா ஆயுசு முழுக்க அப்படியே கட்டியவர். இந்தப் புது கிட்டில் வலதுக்கும் தனியாகப் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கைப்பழக்கத்தில் அதற்கும் எண்ணெய் தடவித் திருப்பிவிட்டார், வலது இடதாகிவிட்டது. பல் செட்டில் மயிரிழை பிசகினால்கூடத் திருப்பி எடுத்துக்கொள்கிறவர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று பேர் வாங்கியவர், இந்த முறை எண்ணெயைக் காகிதத்தில் விட்டுவிட்டார்.

அவர் காது சிவந்துபோனது. என்னவர் மட்டும் இப்போது சிரித்தால் எல்லாம் முடிந்தது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் இறக்கையை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நுனிவரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாமாகிட்ட சொல்லு, இதுல கை வைக்க வேண்டாம்னு. இவ்வளவு நேரான இறக்கையைப் பிரிச்சா பாவம். இன்னொரு கிட் எடு. ரெண்டு வலது கட்டிட்டா ரெண்டு பிளேன் ஆச்சு."

மாமா மூன்றடி தள்ளித்தான் நின்றார், இருந்தாலும் அந்தச் சேதியையும் நான் அப்படியே ஒப்பித்தேன். அப்பா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவர்கிட்ட சொல்லு, இந்தத் தடவை ஒரே மேஜையில வச்சுக் கட்டணும். நான் திருப்பினா அவர் பார்த்துச் சொல்லணும்."

ஒரே மேஜை என்றால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான், அவ்வளவு நீளத்துக்கு வேறு மேஜை கிடையாது. அப்படித்தான் அப்பா முதல்முறையாக என் வீட்டுப் படி ஏறினார். மாலையில் வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நானும் என்னவரும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால் பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போனது. நான் டீ போடப் போய்விட்டால் அப்பா இறக்கையிடம் பேசுவார். "இந்தக் குச்சி கொஞ்சம் உசந்திருக்கே" என்று அதனிடம் சொல்வார், என்னவர் கை நீட்டி அமுக்கிவிடுவார்.

நான்கு இறக்கைகளும் ஆனதும் அப்பா லேபிலிருந்து தராசைக் கொண்டுவந்து எடை பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால்தான் விமானம் சாயாமல் போகும். அப்பாவின் இடதுக்கு ஜோடியாக அமைந்தது என்னவரின் வலது. என்னவரின் இடதுக்கு அப்பாவின் வலது. அப்பா தராசைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார், தராசு சொன்னதையே சொன்னது. ஆளுக்கொரு இறக்கையாக இரண்டு விமானங்களும் தயாராயின. ஜன்னலில் வைக்க வேண்டியது என் கடைக்கு வரவே இல்லை.

மைதானத்தில் அந்தப் பழைய பலகை இன்னும் நின்றுகொண்டிருந்தது. யாரும் தொடாமல் கிளிப்புகள் துருவேறிக் கிடந்தன. அப்பா நேராகப் போய்த் தன் எண்ணை எடுத்துச் சட்டையில் செருகிக்கொண்டார். இப்போதெல்லாம் அது வேண்டாம் என்றேன். இருக்கட்டும் என்றார். நான்தான் விமானத்தைக் கையில் ஏந்தி ஓடி வீசினேன். அது ஏறியது. இன்னும் ஏறியது. அப்பா மோட்டாரை அணைத்தார், விமானம் சத்தமில்லாமல் பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. அவர் முகத்தில் மூன்று வருஷமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகியதை நான் கண்ணாரப் பார்த்தேன். எனக்கு அது போதும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆனால் என்னவர் எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தார். விமானம் காலடியில், ரேடியோ கையில், சுவிட்ச் ஆஃபில். மெல்லப் போய், நீங்களும் விடுங்கள், ஒன்றும் ஆகாது என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அப்பா இறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். புது ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறவரே இவர்தான்.

"மூளைக்குத் தெரியுது. இந்த விரலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அவர் குரல் அப்பாவுக்கு எட்டியிருக்க வேண்டும். அப்பா திரும்பவில்லை, கண்ணை விமானத்திலிருந்து எடுக்கவுமில்லை.

"அங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை. ஆன் பண்ணுங்க."

என்னவர் அசையவில்லை. பழக்க தோஷம், நான் எடுத்துச் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னை ஏன் பார்க்கிறீங்க. உங்ககிட்டதான் சொன்னார்."

அவர் நடந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். கட்டைவிரலைச் சுவிட்சில் வைத்தார், ஒருமுறை எடுத்தார், மறுபடி வைத்துத் தள்ளினார். மூன்று பேரும் மேலே பார்த்தோம். அப்பாவின் விமானம் ஆடவில்லை.