ஒன்றாம் சேனல்

ஃபிளாஷ் கட்டிய குச்சியைப் பிடித்துக்கொண்டு கருப்பன் ஆறரை மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். குச்சியின் உச்சியில் ஃபிளாஷ், அதற்கு முன்னால் விரித்த வெள்ளைக் குடை, ஃபிளாஷுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. புளியம்பழம் உலுக்கிப் பழகிய கை. அவர் குச்சியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் பந்தல் கூரையிலிருந்து எந்நேரமும் ஏதாவது உதிரும் போலிருந்தது. வேட்டிக்கு மேல் ஸ்டுடியோக்காரர் கொடுத்த கறுப்பு டீ-ஷர்ட். முதுகில் ஸ்டுடியோ பெயரும் போன் நம்பரும். அதற்குள் இன்னும் ஒரு கருப்பன் தாராளமாக நுழையலாம்.

அந்த டீ-ஷர்ட்டை ராஜேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். போன ஆவணி வரை அவன் போட்டிருந்தது. இடது தோளில் குடைக் கம்பி கிழித்த இடத்தை அவன் பெண்டாட்டி நீல நூலில் தைத்துக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு வீட்டில் கறுப்பு நூல் தீர்ந்திருந்தது.

அவன் இரண்டாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கல்யாணப் பெண் ரேணுகாதேவி எதிர்வீட்டுப் பெண். அதனால் அவன் அங்கே இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. கைக்குள் இன்னொரு கறுப்புப் பெட்டி. அதன் பட்டன் மேல் கட்டைவிரல்.

ஜமுனாமரத்தூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த அந்த ஊரில் தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. பந்தலுக்கு மேல் நீலத் தார்ப்பாய். அதன் அடியில் நின்ற எல்லாரும் நீலமாக இருந்தார்கள். இந்த நீலத்தைப் போக்கத்தான் ஃபிளாஷ். மணமேடை எதிரே கேமராவோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த பிலிப்ராஜ், ராஜேந்திரனைப் பார்த்ததும் கையாட்டினார்.

"இன்னா ராஜேந்திரா, நல்லாக்கீறியா? சாப்ட்டியா?"

தான் வேலையை விட்டுத் துரத்திய ஆளை நலம் விசாரிப்பதில் பிலிப்ராஜை மிஞ்ச முடியாது. நல்லா இருப்பதாகவும் இனிமேல்தான் சாப்பிட வேண்டும் என்றும் ராஜேந்திரன் பணிவாகச் சொன்னான். வலது கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

கண்ணமங்கலத்தில் பிலிப்ராஜின் ஸ்டுடியோவில் அவன் பதினோரு வருஷம் லைட்மேன். முன்பெல்லாம் கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவே ஒரு ஒயர் இருந்தது. அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஒரே குறை, சம்பந்தி வீட்டுப் பெண்கள் அதில் தடுக்கி விழுந்தார்கள். பிலிப்ராஜ் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த டிரிகர் செட்டை வாங்கினார். கேமரா தலையில் செருகிய பெட்டி சொல்லும், ஃபிளாஷுக்கு அடியில் இருக்கும் பெட்டி கேட்டு ஃபிளாஷை அடிக்க வைக்கும். நூறு அடி தூரம் கேட்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. கேட்கத்தான் செய்தது, பத்துக்கு ஏழு தடவை. மிச்ச மூன்று எப்போது வரும் என்று அட்டையில் போடவில்லை. பனி இறங்கினால் கேட்காது. கூட்டம் நெருக்கினால் கேட்காது. பேட்டரி இளைத்திருந்தால் கேட்காது. அந்தப் பேட்டரிகளும் பிலிப்ராஜ் வீட்டு டி.வி. ரிமோட்டிலிருந்து கல்யாணத்துக்குக் கல்யாணம் விருந்துக்கு வந்து போகிறவை.

ஆவணியில் சந்தவாசல் சர்ச்சில் பெல்வினுக்கும் ஜெஸ்ஸிக்கும் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அந்த மூன்று வந்தது. பிலிப்ராஜ் ஒன்பது படம் எடுத்தார். ஒன்பதிலும் பின்னால் ஜன்னல் பளபளவென்று விழுந்திருந்தது, முன்னால் இரண்டு கரிய உருவம். எது மாப்பிள்ளை, எது பெண் என்று உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பெண்ணின் அப்பா சகாயம் சட்டையைப் பிடிக்க வந்தபோது பிலிப்ராஜ் திரும்பி, குச்சியோடு நின்றிருந்த ராஜேந்திரனைக் காட்டினார்.

"இந்தாளு தூங்கிட்டான் சார்."

அன்றைக்கே டீ-ஷர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் ராஜேந்திரனும் விட்டிருப்பான். இரவு போட்டோகிராபர்கள் வாட்ஸாப் குரூப்பில் இருபத்திரண்டு விநாடி ஆடியோ ஒன்று போட்டார். நண்பர்களே, இப்படி ஒரு ஆள், தாலி கட்டும்போது நின்றுகொண்டே தூங்குகிறான், யாரும் ஏமாற வேண்டாம். ஆரணி முதல் வேலூர் வரை எல்லாரும் ஏமாறாமல் இருந்தார்கள். போளூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனபோது, முதலாளி அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அந்த ஆடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினார். இப்போது ராஜேந்திரன் ரோடு வேலைக்கு ஜல்லி சுமக்கிறான். அங்கேயும் அவன் பேர் தூக்கம்தான். ராஜேந்திரன் என்பது ஆதார் கார்டில் மட்டும் இருந்தது.

ஐந்து மாதமாக அவன் யோசித்தான். ஸ்டுடியோ கண்ணாடியில் கல் விடலாம். ஆனால் அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்தவன் அவன்தான், மனசு வரவில்லை. அவனுக்கு வேண்டியது இரண்டே வார்த்தை: டிரிகர் சரியில்லை. அது பிலிப்ராஜ் வாயால் வர வேண்டும். நாலு பேர் முன்னால் வர வேண்டும். சட்டைப் பையில் கேமரா கண் மட்டும் வெளியே தெரிய வைத்திருந்த செல்போனில் பதிவாக வேண்டும். அதையும் இருபத்திரண்டு விநாடிக்கு வெட்டி அதே குரூப்பில் போட வேண்டும்.

அதற்குத்தான் அதே கம்பெனிப் பெட்டியை அவனும் வாங்கினான். ஒரே சேனலில் இருந்தால், யார் பெட்டியின் பட்டனை யார் அழுத்தினாலும் ஃபிளாஷ் அடிக்கும். செட்டில் பதினாறு சேனல் உண்டு. கைபட்டு மாறிவிடும் என்று பிலிப்ராஜ் முதல் நாளே ஒன்றாம் சேனலில் வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்லிவிட்டார். சுற்றியவன் ராஜேந்திரன். ஒரு தடவை அடித்த ஃபிளாஷ் மறுபடி அடிக்கத் தயாராக, இளைத்த பேட்டரியில், ஏழு எண்ண வேண்டும். அந்த ஏழுக்குள் பிலிப்ராஜ் எடுக்கும் படமெல்லாம் நீலம்.

பிலிப்ராஜ் லென்ஸைத் துடைக்கக் குனிந்தார். ராஜேந்திரன் அழுத்தினான்.

பட்டென்று வெளிச்சம் அடித்தது. முன்வரிசை மொத்தமும் கண்ணைக் கசக்கியது. கருப்பன் குச்சியோடு ஒரு அடி பின்னால் துள்ளினார்.

"யோவ், இன்னாத்த அழுத்தின?"

"நான் ஒண்ணியும் தொடலீங்க."

ராஜேந்திரனுக்கு உள்ளங்கால் வரை இனித்தது. அடுத்த தடவை, பெண்ணையும் மாப்பிள்ளை ரமேஷையும் சிரிக்கச் சொல்லிப் பிலிப்ராஜ் விரலை வைத்தபோது, அவன் ஒரு மூச்சு முன்னால் அழுத்தினான். ஃபிளாஷ் அடித்தது, அப்புறம் கேமரா சொடுக்கியது. பிலிப்ராஜ் திரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி எடுத்தார். நாலு எண்ணியிருந்தான் ராஜேந்திரன், அதுவும் நீலம்தான். மூன்றாவது தடவை அவன் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. பனி அவனுக்கும் ஒன்றுதான். அவன் ஆயுதமும் அதே அட்டைப் பெட்டியில் வந்தது.

ஆறு தடவை அழுத்தினான், நாலு தடவை பலித்தது. ஒவ்வொரு தடவையும் பிலிப்ராஜ் கேமரா தலையில் இருக்கும் பெட்டியைப் பார்ப்பார், வாயைத் திறப்பார் என்று காத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் கருப்பனைப் பார்த்தார். குச்சிய ஆட்டாத என்றார். நேரா நில்லு என்றார். புளியா உலுக்கற என்றார், மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கருப்பன் குச்சியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முழங்கையில் நரம்பு புடைத்தது. லைட் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று பிலிப்ராஜ் போனில் கேட்டபோது, பெண்ணின் அம்மா பெரியம்மாள்தான் பக்கத்து ஊரிலிருந்து அவரை வரச் சொன்னாள். தூரத்து அண்ணன் முறை. புளி உலுக்கும் நாளை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இன்னொரு தடவை, இப்போ சொல்லிடுவான் என்று ராஜேந்திரன் விரலை வைத்தான். அதற்குள் தாலித்தட்டு வரிசையாகத் தொட்டுக் கும்பிட வந்துவிட்டது.

தாலிக்கு மட்டும் அழுத்துவதில்லை என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தான். பழிவாங்குவதிலும் அரை மணி சாப்பாட்டு நேரம் விட வேண்டும் அல்லவா. ரேணுகாதேவி அவன் கண்முன் வளர்ந்த பெண். தட்டைத் தொட்டான், அட்சதையை வாங்கினான், பாக்கெட்டிலிருந்து எடுத்த கையை அப்படியே முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். மேளம் கொட்டியது. ரமேஷ் கயிற்றைக் கழுத்தில் சுற்றினான். பிலிப்ராஜ் சொடுக்கினார்.

ஃபிளாஷ் அடிக்கவில்லை.

மறுபடி சொடுக்கினார். மூன்று முடிச்சும் விழுந்தது. ஏழு சொடுக்கு. பந்தலுக்கடியில் தார்ப்பாயின் நீலம் தவிர வேறு வெளிச்சமே இல்லை. ராஜேந்திரன் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். அட்சதை தூவவும் மறந்திருந்தான், அரிசி விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. நான் அழுத்தவில்லை, அதுவாகவே போய்விட்டது. சந்தவாசலில் போன மாதிரியே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டைப் பையில் செல்போன் சரியாக எட்டிப் பார்க்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

பெரியம்மாள் மேடையிலிருந்தே, படம் வியுந்துச்சா சார் என்று கேட்டாள்.

பிலிப்ராஜ் திரையைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். கருப்பன் பக்கம் கையை நீட்டினார்.

"உங்காளு தூங்கிட்டான்மா."

அது செல்போனில் தெளிவாகப் பதிவானது. அதே குரல், அதே நிதானம். ஆள்தான் வேறு.

கட்டுகிற மாதிரி ஒருவாட்டி கையை வையுங்க, எடுத்துடறேன் என்று பிலிப்ராஜ் கேட்டுப் பார்த்தார். கட்டினது கட்டினதுதான், அத்தப் போயி யாராச்சும் நடிப்பாங்களா என்று பெரியம்மாள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கருப்பனைப் பார்த்தாள். உன்னப் போயி கூப்ட்டேனே என்று மட்டும் கேட்டாள். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ராஜேந்திரன் எழுந்தான்.

"ணா, தூக்கம் இல்ல. டிரிகர் போச்சு. அதான் அடிக்கல."

பிலிப்ராஜ் திரும்பினார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"தூக்கத்தப் பத்தி நீ சொன்னா சரியாத்தாம்பா இருக்கும்."

பந்தல் மொத்தமும் சிரித்தது. ஜல்லி வேலைக்கு வரும் இரண்டு பேர் பின்வரிசையிலிருந்து, ஒக்காரு தூக்கம் என்று குரல் கொடுத்தார்கள். பாக்கெட்டுக்குள் பெட்டி தொடையில் உறுத்தியது. அதை எடுத்துக் காட்டலாம். காட்டினால், இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஆறு தடவை அழுத்தினேன், தாலிக்கு அழுத்தவில்லை என்றால் இந்தப் பந்தலில் எவன் நம்புவான். ரேணுகாதேவி கல்யாணத்தில் தாலிப் படத்தை அழித்தவன் என்ற பேரும் சேரும். ராஜேந்திரன் உட்கார்ந்தான்.

சாப்பாட்டுப் பந்தி நடந்தபோது கருப்பன் தண்ணி டிரம் பக்கத்தில் குச்சியோடு நின்றிருந்தார். கீழே வைத்தால் பொருள் கெட்டுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ராஜேந்திரன் ஒரு சொம்பு தண்ணி மொண்டு நீட்டினான். அவர் ஒரு கையால் வாங்கி அண்ணாந்து குடித்தார்.

"மாமா, உம்மேல தப்பு இல்ல. இந்தப் பொட்டிதான் கோளாறு."

"இல்ல மாப்ள." கருப்பன் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "கயிறு சுத்தும்போது ஒருதரம் கண்ண சிமிட்டிட்டேன். எனக்கே தெரியுது."

"கண்ணு சிமிட்டினா இன்னா? அதுக்கும் இதுக்கும் இன்னா கீது?"

"அவ்ளோ பெரிய மெசினு. புடிக்கிற ஆளு கண்ண மூடினா அது மட்டும் எப்படி முயிச்சிக்கினு இருக்கும்."

ராஜேந்திரன் வாயைத் திறந்தான். முன்னாடி தானா அடிச்சது பார்த்தியே மாமா, அது நான்தான் என்று ஆரம்பித்தான். 'அது' என்பது வரைக்கும்தான் வெளியே வந்தது. அதற்குள் குரூப் போட்டோவுக்குப் பிலிப்ராஜ் கூப்பிட்டார். கருப்பன் சொம்புத் தண்ணியின் மிச்சத்தைக் கண்ணில் அடித்துக்கொண்டு ஓடினார்.

பெண் வீட்டார் முப்பது பேர் மூன்று வரிசையில் நின்றார்கள். பனி விலகியிருந்தது, கூட்டம் ஒதுங்கியிருந்தது. நீயும் வாப்பா, பழச மனசுல வெச்சிக்காத என்று பிலிப்ராஜ் ராஜேந்திரனையும் கையைப் பிடித்துப் பின்வரிசை ஓரத்தில் நிறுத்தினார். அங்கிருந்து கருப்பன் நேர் எதிரே தெரிந்தார். ராஜேந்திரன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டான். கட்டைவிரல் பட்டனைத் தேடிப் போய் நின்றது. அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். யார்மேல் விழும் என்பதும் தெரியும். விரல் அங்கேயே இருந்தது.

முதல் படத்துக்கு ஃபிளாஷ் அடித்தது. இரண்டாவதுக்கும் அடித்தது. மூன்று, நாலு, ஐந்து. ஒன்றுகூடத் தவறவில்லை. பிலிப்ராஜ் திரையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா? ரெண்டு திட்டு திட்டினா ஒயுங்கா அடிக்கிது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு ஆறாவது படத்தையும் எடுத்தார். வெளிச்சம் அடித்த ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்ற யாராவது கண்ணை மூடினார்கள், பிலிப்ராஜ் இன்னொன்று கேட்டார். குடைக்கு அந்தப் பக்கம் கருப்பன் பாதத்தை ஊன்றி, இரண்டு கையாலும் குச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்து, தண்ணி தாடையில் இறங்கி டீ-ஷர்ட்டின் நீலத் தையலில் சொட்டியது. பன்னிரண்டு படம் எடுத்து முடிக்கிறவரை அவர் சிமிட்டவே இல்லை.