அரக்குப் பொட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறில், சாயிபாபா காலனியில் நாங்கள் குடிபோன வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பெயிண்ட் அடிக்கும் முன் அதை நனைத்து உரித்தபோது, அடியில் ஒரே ஒரு ஸ்டிக்கர் பொட்டு. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: மழை தூறிய ஒரு மாலையில் கீதா அந்த அறையின்

(வேண்டாம். பேய்க்கதை என்றால் மழை பெய்தே ஆகவேண்டுமா?)

தொடக்கம் இரண்டு: நல்ல வெயில். புதுப்பெண் கீதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டித் தகட்டால் சுவர்க் காகிதத்தைச் சுரண்டுகிறாள். கணவன் கிருபாசங்கருக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் போய்விட்டாளாம். காங்கேயத்தில் கீதாவின் அப்பா அதை நம்பித்தான் பெண் கொடுத்தார்.

(மூத்தவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் வந்துவிடுவாளோ என்று பயம். சிரிக்காதீர்கள், தனியாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.)

3

காகிதத்துக்கு அடியில் பொட்டுகள். முகம் கழுவும்போதும் படுக்கும்போதும் பொட்டை எடுத்துக் கைக்கெட்டிய இடத்தில் ஒட்டிவைப்பது எல்லாப் பெண்களும் செய்வதுதான். நின்றால் எட்டும் உயரத்தில் சில இருந்தன. கட்டிலில் உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில் இன்னும் சில. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, ஏராளம். பாயில் படுத்தபடியே ஒட்டியவை. ஒரு வாரக் காய்ச்சலில் இத்தனை சேராது. அதுவும், அவள் காய்ச்சலில் படுக்கவே இல்லாத இந்த வீட்டில்.

கிருபாசங்கர் எட்டிப் பார்த்தான். இதெல்லாம் மூத்தவளுடையதா என்று கீதா கேட்டேவிட்டாள்.

"அவ இந்த ரூம்ல படுத்ததே இல்ல கண்ணு. சுரண்டிப்போட்டு வா, சாப்பிடலாம்."

இவனைக் கெட்டவன் என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அவன் குரல் அத்தனை பிரியமாக இருந்தது. எனக்குப் பயமே அதில்தான்.

4

கீதா முகம் கழுவப் போனாள். போகிறபோக்கில், பழக்கதோஷம், தன் பொட்டை எடுத்து அந்தச் சுவரிலேயே ஒட்டிவிட்டாள். (நான் தடுத்திருக்கலாம்.) திரும்பி வந்து பார்த்தால் எது தன்னுடையது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே அரக்கு நிறம். காகிதத்துக்கு அடியில் கிடந்தவைகூடப் புதிதாகவே இருந்தன. அவளுக்குப் பொட்டு அட்டை வாங்கி வருவது கிருபாசங்கர்தான்.*

குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்தாள். நன்றாக ஒட்டிக்கொண்டது.

* கடையில் அவன் நிறம் சொல்வதில்லை. "எப்பவும் வாங்கறதுங்க" என்பான்.

5

முடிவு ஒன்று: கீதா பையை எடுத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறுகிறாள். இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். திரும்பத் திரும்ப எழுதியும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் வாசற்படியைத்…

முடிவு இரண்டு: கிருபாசங்கர் மறுபடி வருகிறான். அவள் நெற்றியைப் பார்க்கிறான். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இந்தக் கதையில் நான் யாருக்கும் வைக்காத பெயர்.

"ஏனுங்க," என்று அவள் திரும்புகிறாள்.

இதற்குமேல் என்னால் ஆகாது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கதவும் திறந்துதான் கிடக்கிறது. அவளுடைய சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். சீக்கிரம், அவள் சாப்பிட உட்காரப்போகிறாள்.